என் ரீலைச் சோதிக்க வந்தவன்

வண்டியை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது, இவனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்று. மீன் பிடிக்கிறவன் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பான். என் வீட்டுக்குப் பின்னால் ஏரி கிடக்கிறது. செப்டம்பர் மாதம், கரையோரம் பாசி படர்ந்து, குஞ்சு மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றன. இவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியில் குனிந்து தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். சட்டை முழுக்கத் தூண்டில் கம்பெனிகளின் முத்திரை. ஒரு கம்பெனியும் இவனுக்குக் காலணா கொடுத்திருக்காது. சொந்தக் காசில் வாங்கி மாட்டிக்கொண்ட விளம்பரம்.

"நான் ட்ரென்ட். பழைய ரீல் விக்கிறதா இணையத்துல பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் இருக்காரா மேடம்?"

"இல்ல."

"எப்ப வருவார்?"

"வரமாட்டார். பென்சகோலாவுல வேற ஒருத்தியோட குடித்தனம் பண்றார். ரீல் என்னோடது."

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். நான் சிரிக்கவில்லை.

தூண்டில் நூலைச் சுற்றி இழுக்கிற அந்த ரீலை விற்றுவிட்டால் என்னிடம் மீன்பிடிச் சாமான் என்று எதுவும் மிச்சமிருக்காது. தூண்டில் கம்புகளையும் இரைப் பெட்டிகளையும் ஏற்கெனவே தள்ளிவிட்டேன். கராஜில் ஒரு பழைய அலுமினியப் படகு கவிழ்ந்து கிடக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. அக்காவின் பெயரில்தான் விளம்பரம் கொடுத்திருந்தேன், ஊரில் எவனும் மோப்பம் பிடித்து வந்து உச்சுக்கொட்டக் கூடாது என்பதற்காக. நான் வெல்டா. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் மீன்பிடி கிளப்பில் ஒரு படகுக்கு இரண்டு பேர் என்பது சட்டம், பல வருஷமாக நானும் கிளப் நண்பன் டெல்மரும் ஒரே படகு. மே மாதப் போட்டியில் என் தூண்டிலில் ஒரு பாஸ் மீன் மாட்டியது, எட்டு பவுண்டுக்குக் குறையாது. அது முங்கிக் கிடக்கும் மரங்களைப் பார்த்து ஓடியது, ரீலிலிருந்து நூல் சரசரவென்று உருவிக்கொண்டு போனது, கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் வெந்தது, மீன் போய்விட்டது. டெல்மர் என் கையிலிருந்து கம்பைப் பிடுங்கி ரீலைத் திருப்பிப் பார்த்தான். மீன் இழுத்தால் நூலை எவ்வளவு விட வேண்டும் என்பதை முடிவுசெய்கிற நட்சத்திரத் திருகு அதன் பக்கவாட்டில் இருக்கிறது. "இதைத் தட்டி லூஸ் பண்ணிட்டியே வெல்டா" என்றான். சாயங்காலம் மீன்களை எடை போடும் மேடையில் மைக்கைப் பிடித்து அதையே எல்லோருக்கும் சொன்னான். அடுத்த போட்டிக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டான்.

நான் அவனை நம்பினேன். கைப்பிடியைச் சுற்றும்போது விரல் முட்டி அந்தத் திருகில் உரசத்தான் செய்யும், யாருக்கும் நடக்கலாம். என் கைதான் கெடுத்தது என்று வெட்கப்பட்டேன். அன்றைக்கு டிராயரில் எறிந்த ரீலை அதற்கப்புறம் தொடவில்லை. இன்று காலையில்தான் தூசி தட்டி, அக்கா மகனுடைய கம்பில் மாட்டி வைத்தேன்.

ட்ரென்ட் ரீலைக் காதில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான். கண்ணை மூடிக்கொண்டான். கர்ப்பிணி வயிற்றில் குழந்தை சத்தம் கேட்கிற டாக்டர் மாதிரி ஒரு முகபாவம்.

"பேரிங்ல லேசா மணல் சத்தம் வருதே மேடம்."

"அது உன் கைக்கடிகாரம், தம்பி. வாரு கம்பில உரசுது."

கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினான், வலப்புறம் சாய்த்தான், இடப்புறம் சாய்த்தான், நூல் சுற்றிய உருளையின் ஓரத்தை நகத்தால் சுண்டினான், மூடியை மோந்துகூடப் பார்த்தான். யாரோ காணொளியில் செய்ததை வரிசை தப்பாமல் ஒப்பிக்கிறான். எதைத் தேடுகிறோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

"எறிஞ்சு பாக்கலாமா?"

"பாரேன். அந்த வாளிக்குள்ள போடு."

புல்தரையின் கடைசியில் கிடந்த வாளியைக் காட்டினேன். நூல் முனையில் ஈயக்குண்டு கட்டியிருந்தது. இந்த வகை ரீலில் எறியும்போது கட்டைவிரல் உருளைமேல் இருக்க வேண்டும். குண்டு தரையைத் தொடுவதற்கு முன் விரலால் உருளையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் உருளை சுற்றிக்கொண்டே இருந்து நூல் பொங்கிவிடும். இவன் பேஸ்பால் வீரன் மாதிரி உடம்பை முறுக்கி எறிந்தான். குண்டு வாளிக்கு வெகு முன்னால், என் தக்காளிச் செடிக்குள் போய் விழுந்தது. ரீலில் நூல் பொங்கி ஒரு குருவி குடும்பத்தோடு குடியேறலாம் போலக் கூடு கட்டியது.

"பிரேக் சரியில்ல" என்றான்.

"பிரேக்குக்கு என்ன? நீ விரலை எங்க வெச்சிருந்த?"

"டெல்மர் அண்ணன் ரீல்ல இப்படி ஆகாது."

எனக்குக் காது விடைத்தது. சிக்கை எடுப்பதற்காக ரீலை அவனிடமிருந்து வாங்கி, முகத்தை நிமிர்த்தாமல் கேட்டேன். "யாரு டெல்மர்?"

"என் படகுப் பார்ட்னர். நான் ஊருக்குப் புதுசு, போன வருஷம்தான் ஹன்ட்ஸ்வில்லிலேருந்து வந்தேன். அவர்தான் என்னைச் சேத்துக்கிட்டார். ஏரியில அவருக்குத் தெரியாத மரக்கட்டை கிடையாது. எனக்கு முன்னாடி ஒரு பொம்பளை அவரோட படகுல இருந்துச்சாம். மே மாசம் பெரிய மீன் மாட்டியிருக்கு, அந்தம்மா திருகை நோண்டி விட்டுடுச்சாம். அண்ணன் எப்பவும் சொல்லிச் சிரிப்பார்."

"அப்படியா?"

"பாவம், அந்தம்மா அதோட மீன் பிடிக்கிறதையே விட்டுடுச்சாம். அதுவும் நல்லதுதான்னு அண்ணன் சொல்வார்."

இந்த மூஞ்சிக்காகவா டெல்மர் என்னை விட்டான்? சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. வாயைத் திறந்தால் ஏதாவது கேட்டுவிடுவேன் என்று சிக்கை எடுத்து முடித்து ரீலைத் திருப்பிக் கொடுத்தேன். சீக்கிரம் வாங்கிக்கொண்டு தொலையட்டும்.

"கடைசியா திருகை மட்டும் பாத்துடறேன்" என்றான். நட்சத்திரத்தை முடிந்த மட்டும் இறுக்கினான், பல்லைக் கடித்துக்கொண்டு. நூல் முனையை என் படகு டிரெய்லரின் கொக்கியில் கட்டினான். கம்பைப் பிடித்தபடி பின்னால் நடந்தான். இறுக்கிய திருகுக்கு நூல் ஒரு அங்குலம்கூட வரக் கூடாது. கம்பு வளைந்தது. பிறகு சரசரவென்று நூல் உருவிக்கொண்டு வந்தது.

மே மாதம் நான் கேட்ட அதே சத்தம்.

"பாத்தீங்களா? திருகு போச்சு. பாதி விலைக்குத் தாங்க, எடுத்துக்கறேன்."

"இன்னொரு தடவை நட."

"எதுக்கு?"

"நடடா!"

அவன் நடந்தான். நான் பக்கத்தில் குனிந்து உருளையைப் பார்த்தேன். அதன் விளிம்பில் எடை குறைப்பதற்காகச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருப்பார்கள். நூல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டைகள் அசையவில்லை. உருளை நின்ற இடத்தில் நிற்கிறது, அதன்மேல் சுற்றிய நூல் மட்டும் மொத்தமாக வழுக்கிச் சுற்றுகிறது. திருகுக்கு ஒரு கேடும் இல்லை. திருகைப் பாறை மாதிரி இறுக்கினாலும் வழுக்குகிற நூலை அது என்ன செய்யும்?

பின்னல் நூலை வழவழப்பான உருளையில் நேராகச் சுற்றக் கூடாது. முதலில் கொஞ்சம் நைலான் தங்கூஸ் நரம்பு சுற்ற வேண்டும், அல்லது ஒரு துண்டு பிளாஸ்திரியாவது ஒட்ட வேண்டும், பிடிமானத்துக்கு. சின்ன மீனுக்குத் தெரியாது. பெரிய மீன் இழுக்கிற அன்றைக்குத்தான் தெரியும். அந்த நூலை நான் சுற்றவில்லை. ஏப்ரல் கடைசியில் டெல்மர் அவன் கராஜில் வைத்துச் சுற்றிக் கொடுத்தான். நானே செய்கிறேன் என்றதற்கு, "கொடு வெல்டா, உனக்குப் பொறுமை பத்தாது" என்று பிடுங்கிக்கொண்டவன் அவன்தான்.

என் கை இல்லை. அது என் கையே இல்லை! கோடை முழுக்க இந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் வெறுத்தேனே, பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதுகூட. டிரெய்லரின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு மேடம்? தண்ணி வேணுமா?"

"நூல் வழுக்குது. அடியில பிளாஸ்திரி ஒட்டல."

"ஓ, அந்தப் பிளாஸ்திரியா!" அவன் முகம் மலர்ந்தது, கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரு விஷயம் வந்துவிட்டது என்று. "அண்ணன் எல்லா ரீலுக்கும் ஒட்டினாரே. நான்தான் கத்தரிச்சுக் கத்தரிச்சுக் கொடுத்தேன். எதுக்குன்னு கேட்டேன், ஒரு பாதுகாப்புக்குன்னார்."

"எப்ப ஒட்டினான்?"

"மே மாசம். நான் சேந்த புதுசு. போட்டி முடிஞ்ச அடுத்த ஞாயிறு. சர்ச்சுக்குக்கூடப் போகாம உக்காந்து எல்லாத்தையும் கழட்டி மாட்டினார்."

டெல்மர் சர்ச்சுக்குப் போகாத ஞாயிறா? அப்படியானால் அவனுக்கும் எங்கேயோ வழுக்கியிருக்கிறது, அவனும் ஓட்டைகளைப் பார்த்திருக்கிறான். தெரிந்துகொண்டான், தன் ரீல்களைச் சரிசெய்துகொண்டான், வாயைப் பொத்திக்கொண்டான். அதற்கப்புறமும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"உன் அண்ணனுக்கு ஃபோன் போடு. ஸ்பீக்கர்ல போடு. திருகை இறுக்கினாலும் நூல் வருது, வாங்கலாமான்னு கேளு. வேற எதுவும் பேசாத."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் போட்டான்.

"அண்ணே, ஒரு பழைய ரீல் பாத்துக்கிட்டிருக்கேன். திருகை ஃபுல்லா இறுக்கிட்டேன், அப்பவும் நூல் வருது."

டெல்மர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னான். "உருளை சுத்துதா, நிக்குதா பாரு."

"நிக்குது."

"அப்ப ரீல் நல்ல ரீல். எவனோ கூறுகெட்டவன் பிளாஸ்திரி ஒட்டாம நூல் சுத்தியிருக்கான். விக்கிறவனுக்கு அது தெரியாது போல. விலையை அடிச்சுக் கேளு."

"அந்தக் கூறுகெட்டவன் நீதான் டெல்மர்" என்றேன்.

மெல்லுகிற சத்தம் நின்றது.

"வெல்டாவா?"

"வெல்டாதான். உன் கராஜில நீ சுத்தின நூல்."

"இங்க பாரு வெல்டா, அன்னைக்கு எனக்குச் சத்தியமா தெரியாது."

"அன்னைக்குத் தெரியாது, சரி. அடுத்த ஞாயிறு தெரிஞ்சுதே. அப்ப ஏன் சொல்லல?"

அவன் சொன்னான், ஏதோ நான்தான் தப்பு செய்தவள் என்பதுபோல. "நீ கேக்கவே இல்லையே."

அவன் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் குழைந்துபோய் மன்னித்தும் இருப்பேன், அவ்வளவு வருஷப் பழக்கம். அந்த நான்கு மாதத்தில் என் வாசலைத் தாண்டித்தான் தினமும் படகுத்துறைக்குப் போனான், கையையும் அசைத்துக்கொண்டு. இவனைப் போய்ப் பெரிய மனுஷன் என்று நினைத்தேனே என்று என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

"சனிக்கிழமை போட்டியில, படகு இறக்குறதுக்கு முன்னாடி, எல்லாரும் ஜெபம் முடிச்சதும் மைக்ல சொல்லு."

"அத்தனை பேர் முன்னாடியா?"

"முதல்ல அத்தனை பேர் முன்னாடிதானே சொன்ன?"

"அது வேற வெல்டா. யோசிச்சுப் பாரு, எனக்குன்னு ஒரு பேரு இருக்கு இல்லையா?"

"இருக்கு. இப்பதான் நீயே அதைச் சொன்ன, கூறுகெட்டவன்னு." ஃபோனை நானே அணைத்தேன்.

ட்ரென்ட் முகத்தில் ஈயாடவில்லை. ஃபோனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்கதான் அந்தம்மாவா?"

"நான்தான்."

"ஐயோ. நான் ஏதேதோ பேசிட்டேன்."

"பேசின. எறியவும் எறிஞ்ச. எது மோசம்னு சொல்ல முடியல."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான், திரும்பப் பைக்குள் போட்டான். "நான் சனிக்கிழமை அவரோட போகல மேடம்" என்றான். "ரீலை எனக்கு வித்துடுவீங்களா?"

"விக்கல."

"அப்ப நான் கிளம்பட்டுமா?"

அவனை ஏற இறங்கப் பார்த்தேன். முத்திரை குத்திய சட்டை, தக்காளிச் செடிக்குள் குண்டைப் போடும் கை, எவன் எதைச் சொன்னாலும் நம்புகிற மூளை. இதைவிட மட்டமான பார்ட்னர் அலபாமா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். ஆனால் படகுக்கு இரண்டு பேர் என்பது சட்டம்.

"கராஜில படகு கவுந்து கெடக்கு. நிமித்து. எறியறது நான். நீ வலை பிடிச்சாப் போதும். கம்பைத் தொட்டா கையை ஒடிப்பேன்."

சனிக்கிழமை நாங்கள் ஒன்றும் ஜெயித்துவிடவில்லை. கீழே இருந்து இரண்டாவதாக வந்தோம். ட்ரென்ட் வலையை ஒரு தடவை ஏரிக்குள்ளேயே போட்டான். அன்று விடியலில், ஜெபம் முடிந்து, மைக்கில் யாரும் எதுவும் சொல்லாமலே படகுகள் வரிசையாகத் தண்ணீருக்குள் போனபோது, டெல்மரின் புதுப் படகு மட்டும் டிரெய்லரில் பளபளத்துக்கொண்டு நின்றது. அவன் ஒவ்வொருவரிடமும் போய், கூட வர ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பார்ட்னர் என்ன ஆனான் என்று திருப்பிக் கேட்டார்கள். அவன் அடுத்த ஆளிடம் நகர்ந்தான். அவனைத் தாண்டிப் படகைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "வெல்டா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். நான் தண்ணீரைப் பார்த்தேன்.