நான்காவது கட்டம்

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவளும் கணவனும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தம் நாற்பத்து மூன்று நாள். அவன் எட்டு மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். அவள் இங்கே சுகாதார அலுவலகத்தில் கொசு முட்டை எண்ணுகிறவள். பூதக்கண்ணாடியும் கையுமாகவே திரிவதால் அலுவலகத்தில் அவள் பெயரே ‘கண்ணாடி’ என்றாகிவிட்டது.

கணவன் ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்து பதினான்கு மாதமாகிறது. ஆனால் கொசுக் காய்ச்சல் பருவம் முடியாமல் அவளுடைய பிரிவிலிருந்து யாரையும் விடுவிக்கக் கூடாது என்று ஒரு விதி. ஊர் முழுக்க அறுபது கறுப்புக் குவளைகளில் தண்ணீர் வைத்து, உள்ளே சொரசொரப்பான காகிதப் பட்டை ஒன்றைச் செருகியிருப்பார்கள். கொசு அதில்தான் முட்டையிடும். வாரம் ஒருமுறை பட்டைகளை எடுத்து எண்ண வேண்டும். தொடர்ந்து நான்கு வாரம் பூஜ்யம் வந்தால் பருவம் முடிந்ததாகக் கணக்கு. கொசுப்புகை இயந்திரங்கள் கிடங்குக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டை மூடிவிடுவார்கள்.

விதி எழுதிய காலத்தில் வருடக் கடைசியில் குளிர் வந்து கொசுவை ஒரு வழி பண்ணிவிடும். இப்போது அந்தக் குளிர், வாசலோடு விசாரித்துவிட்டுப் போகும் சொந்தக்காரர் மாதிரி, பத்து நாளில் கிளம்பிவிடுகிறது. போன வருடம் பருவம் மூடப்படவே இல்லை. இந்த வருடம்தான் அதிசயமாக மூன்று வாரம் பூஜ்யம். படிவத்தில் நான்காவது கட்டம் மட்டும் காலி. இன்று மாலை நான்கு மணிக்குள் நிரப்ப வேண்டும்.

வழக்கமாகப் பட்டைகளை எடுத்து வருவது உடன் வேலை பார்க்கும் அக்கா. உடன்பிறக்காத குறைதான், அவள் சாப்பிட்டாளா என்று கேட்காமல் அக்கா தன் டப்பாவைத் திறந்ததில்லை. அந்த அக்காவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அதனால் இன்று கண்ணாடியே தெருத்தெருவாக அலைந்து அறுபதையும் எடுத்து வந்தாள்.

மூன்றாவது பட்டையில் மிளகுத் தூள் சிந்தியது போல் முட்டைகள். ஏழாவதிலும் இருந்தது. அறுபதும் முடிந்தபோது முந்நூற்று நாற்பத்தேழு. மூன்று வாரம் ஒன்றுமே இல்லாத ஊரில் இத்தனையா? அக்காவுக்கு போன் போட்டாள்.

“அக்கா, பட்டையெல்லாம் முட்டையா இருக்கு.”

மறுமுனையில் முனகல். “நீயா எடுத்த? ஐயோ, என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“என்ன பண்ணுவேன்? வழியிலயே பட்டையை ஈரத்துணியால ஒரு இழுப்பு. மூணு வாரமா அதைத்தானே பண்றேன்.” அக்கா மூச்சு வாங்கினாள். “இந்தக் கொசு ஓயறதுக்குக் காத்திருந்தா, நீ பல்லு போன பிறகுதான்டி குடும்பம் நடத்துவ.”

கோபப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “காய்ச்சல் எப்படியிருக்கு?”

“எலும்பெல்லாம் யாரோ உளி வச்சுத் தட்டுற மாதிரி இருக்கு.”

“உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. நான் வரேன்.”

வைத்த கையோடு கணவன் அழைத்தான். “என்ன மேடம், நாலாவது முட்டையும் போட்டாச்சா? வாடகை வீட்டுக்காரர் சாவியைக் குடுத்துட்டார். ஜன்னல் ரெண்டு பக்கமும் காத்து. உனக்காகவே கட்டின மாதிரி இருக்கு.”

“இங்க முட்டை இருக்குங்க. முந்நூத்து நாப்பத்தேழு.”

“வேற யாரும் எண்ணுவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்போ…” என்றவன் முடிக்கவில்லை. அதை முடிக்காமல் விட்டதற்காகவே அவனிடம் ஓடிப்போக வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அலுவலக அறையில் ஒரே ஜன்னல். அதற்கும் கொசுவலை அடித்திருந்தது. வருடக் கடைசியிலும் மின்விசிறி அனலையே வாரி இறைத்தது. பூஜ்யம் போட்டால் ரயில் ஏறலாம். அக்கா படுக்கப்போகிற வார்டுக்குப் பூட்டு விழும். உள்ள எண்ணிக்கையைப் போட்டால் முந்தைய மூன்று பூஜ்யங்களும் கேள்விக்கு வரும்; அக்காவின் வேலை போகும்.

மூன்றே முக்காலுக்கு அவள் 347 என்று எழுதினாள். மேலே இருந்த மூன்று பூஜ்யங்களையும் அடித்து, ‘குவளைகளை நான் நேரில் சரிபார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “விளக்கம் கேட்டு உன் பேருக்குத்தாம்மா மெமோ வரும்.”

“வரட்டும் சார். இன்னைக்கே கொசுப்புகை மெஷினை அனுப்புங்க.”

ஆஸ்பத்திரியில் வலைக்குள் படுத்திருந்த அக்கா அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். “எழுதிட்டியா? லூசு! அவன் என்ன சொன்னான்?”

“நாளைக்கு வராராம். ரெண்டு நாள் லீவு.”

“ரெண்டு நாளா? அப்புறம்?”

அவள் வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகிவிட்டு, வெளியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.