அணிலுக்கு வாய் உலரவில்லை

ஒரே டேக்! ஒரு பக்க வசனத்தைக் கடகடவென்று பேசி முடித்துவிட்டு, அணில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

குழந்தைகள் தொடரில் வரும் வாயாடி அணிலுக்குக் குரல் கொடுக்கிறவள் அவள். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் அணில்தான். ஒலிப்பதிவு செய்கிற சொந்தத் தம்பிக்கும்.

டைரக்டர் குஷியாகிவிட்டார். "இதுதாம்மா நம்ம பழைய அணில்! போன மாசம் வரிக்கு ஒரு தடவை தண்ணி குடிச்சு என் உயிரை வாங்கினியே!"

உண்மைதான். மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது; கூடவே வாயைக் காயப்போட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற 'டிக்' சத்தத்தை மைக் விடாமல் பிடித்தது. வேறு ஆள் பார்க்கலாமா என்று டைரக்டர் போனில் யாரிடமோ கேட்டது காதில் விழுந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டாள். டாக்டரைக் கேட்கவில்லை. தம்பியிடமும் வாய் திறக்கவில்லை.

தம்பி ஹெட்போனைக் கழற்றாமல், பதிவானதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சார், மெஷின்ல ஏதோ கோளாறு. நீங்க ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்களேன்."

"உன் மெஷின்லயா? அதை வேற யாராவது தொட்டாலே கையைக் கடிப்பியேடா!"

அவர் போனதும் மைக் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"மாத்திரையை எப்போ நிறுத்தின?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "யாருடா சொன்னது?"

"நீதான். 'டிக்' இல்ல. ஆனா ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு மூச்சு இழுக்கற பாரு, பாறாங்கல்லைத் தூக்கப் போற மாதிரி. போன வருஷம் நீ படுக்கையில விழறதுக்கு முன்னாடி இதே மூச்சுதான்."

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"வேலை போயிடும்டா."

"போனா போகட்டும்."

"சொல்லிடுவ, ஈஸியா! இந்த மைக் முன்னாடி நிக்கும்போதுதான் நான் நானா இருக்கேன். இதுவும் போச்சுன்னா, மாத்திரை சாப்பிட்டு எழுந்து எங்கடா போறது?"

அவன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"'டிக்' எவ்வளவு வந்தாலும் நான் வெட்டி எடுத்துடுவேன்க்கா. அது என் வேலை. நீ மறுபடி படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா என்று அவன் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று!

"காலைல பிரஷ்ல பேஸ்ட் வச்சுட்டு, தேய்க்காம அப்படியே நின்னுட்டிருந்தேன்டா," என்றாள் மெல்ல. "ரொம்ப நேரம். தூக்கக் கலக்கம்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன்."

அவன் தன் போனை நீட்டினான். அவளே டாக்டரின் நம்பரைப் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அடடா, திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா," என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "வாய் காயறது இவ்வளவு கஷ்டம்னு சொல்லவே இல்லையே நீங்க. அளவைக் குறைக்கலாம், வேற மாத்திரை பார்க்கலாம். சாயங்காலம் வந்துடுங்க, சேர்ந்து முடிவு பண்ணுவோம்."

டைரக்டர் கதவைத் தட்டினார். "மெஷின் சரியாச்சா?"

தம்பி வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குத்தான். மனசுக்கு மாத்திரை சாப்பிடறேன், அதுல வாய் காயுது. நடுவுல நிறுத்திப் பார்த்தேன், தப்பாப் போச்சு. சாயங்காலம் டாக்டரைப் பார்க்கப் போறேன். எல்லாம் சரியாகற வரைக்கும் தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் பேசுவேன். வேற ஆள் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க."

டைரக்டர் பிடரியைச் சொறிந்தார். தம்பியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம்னா... எத்தனை மணிக்கும்மா கிளம்பணும் நீ?"