உப்பு ஏறாத சாவி

அந்தச் சாவியைக் கடைசியில் திருப்பியது ஜேசுபாதம் அண்ணாச்சியா நானா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அவருடைய கைதான் முன்னால் போனதாக ஞாபகம். ஆனால் அன்று அதற்கு முன்பே நானும் அதைத் தொட்டிருந்தேன். எந்த ஞாபகம் யாருடைய விரலுக்குச் சொந்தம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரேஸ்புரத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு இறால் கம்பெனி. அதன் உயர் அழுத்த மின்கம்பி, ஐஸ் ஆலையிலிருந்து கிளம்பி ஒரு கருவாட்டுக் களத்துக்கு மேலாக, இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகும். கம்பி அறுந்தாலோ மின்சாரம் கசிந்தாலோ அதைக் கண்டுபிடித்து, பிரேக்கரை விழவைத்து மின்சாரத்தைத் துண்டிப்பது ரிலே என்கிற சின்னப் பெட்டி. அப்படிப்பட்ட பெட்டிகளைச் சோதிப்பதும், அவை எங்கள் அலுவலகக் கணினிக்கு அனுப்பும் நிலை அறிக்கைகளைப் பார்ப்பதும் என் வேலை.

கொண்டல் காற்று வீசும் மாதங்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் உப்பு படியும். ஈரம் பட்டதும் மின்சாரம் கசியும். கடலோர லைன்கள் எல்லாம் மின்சாரம் துண்டாகி மாறி மாறி விழும். அந்த வருஷம் இந்த லைன் மட்டும் விழவே இல்லை. அறிக்கையில் தினமும் ‘நலம்’ என்றே வந்தது. உண்மையிலேயே நலமாக இருப்பவர்கள் இத்தனை தடவை அதைச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

சோதனைக்குப் போகுமுன் போன் செய்வது வழக்கம். போய் இறங்கினால் பாறை மீன் குழம்பு தயாராக இருக்கும். ரிலேயும் ஒழுங்காக இருக்கும். இந்தத் தடவை நான் போன் செய்யவில்லை.

ஆப்பரேட்டர் ஜேசுபாதம் அண்ணாச்சி ஐஸ் ஆலையின் மின் அறை வாசலிலேயே எழுந்து நின்றார்.

“என்ன சார், சொல்லாமக் கொள்ளாம வாரிய? பொண்ணு வீட்டுக்காரன் மாப்ளைய விசாரிக்க வந்த மாதிரில்லா இருக்கு.”

நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

“பேசினா வரி போட்டுருவாவளோ?” என்று பின்னாலேயே வந்தார்.

அறையில் எல்லாவற்றின் மேலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பலகையில் பொருத்திய திருகுசாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். குறடு போட்டால்தான் அசையும் போல இறுகிக் கிடந்தன. டெஸ்ட் சாவி மட்டும் பளபளவென்று இருந்தது. விரல் பட்டதுமே ஆடியது. விரலை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

அது ‘டெஸ்ட்’ பக்கம் திரும்பியிருந்தது.

சோதனையின்போது வீணாக லைன் விழக்கூடாது, அலுவலகத்திலும் எச்சரிக்கை ஒலிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. டெஸ்டில் வைத்தால் ரிலே எல்லாவற்றையும் பார்க்கும். ஆனால் அதன் கை கட்டியிருக்கும், வாயும் கட்டியிருக்கும். ‘நான் நலம்’ என்பதை மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது பொய்யும் இல்லை.

“யாரு சோதிக்கா அண்ணாச்சி?”

அவர் சாவியையே பார்த்தார்.

“மேனேஜர் ஜெயகணேசு சொல்லுதாரு, வைக்கேன்,” என்றார் கடைசியில். “லைன் விழுந்தா கொட்டகையில இறால் நாறிருதுல்லா. அந்தாளு என்னையத்தான வைவாரு.”

நான் திருப்பிவிட்டுப் போனால், என் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் சாவி பழைய இடத்துக்கு வந்துவிடும். அதனால் வாசலுக்கு வந்து நின்றேன். களத்தின் மேலே பீங்கான்கள் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தன. கம்பிக்கு நேர் கீழே ஒரு பெண் நெத்திலியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அது யாரு?”

“எம் பொண்டாட்டி. தேவகனி.”

“முதல்ல அவங்கள அங்கிருந்து வரச் சொல்லுங்க.”

சிரித்தார். “பயப்படாதிய சார். கம்பி அறுந்தா மேல ஒண்ணு இருக்குல்லா, அது விழுந்துரும். மேனேஜரும் அதத்தான் சொன்னாரு.” ஆனாலும், “ஏளா, இங்கன வா,” என்று கூப்பிட்டார்.

மேலே ஒன்று இருப்பது உண்மை. கம்பெனிக்குள் வரும் பிரதான லைனின் ரிலே. அது பெரிய மின்னோட்டத்துக்காக அமைத்தது. காய்ந்த மணலில் கம்பி விழுந்தால் கசிவது சிறு மின்னோட்டம்தான்; ஆளைக் கொல்ல அது போதும், மேல் ரிலேயின் கண்ணில் படப் போதாது. அதை நான் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். சோதனைப் பெட்டியை எடுத்து அந்த மேல் ரிலேயில் மாட்டினேன். மணலில் விழுந்த கம்பியில் ஓடக்கூடிய அளவை வைத்தேன்.

“இப்ப கம்பி உங்க களத்துல விழுந்து கிடக்குன்னு வச்சிக்கிடுங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரியவில்லை. அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அது எப்ப விழும்?”

“விழாது அண்ணாச்சி.”

தேவகனி வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் மீன் செதில். “என்னங்க, வேல கெடக்கு, எதுக்குக் கூப்டிய? இந்த சாரு வாயே தொறக்க மாட்டாவளோ?”

நான் சோதனைப் பெட்டியைக் கழற்றினேன். அறையில் மின்மாற்றியின் முனகல் மட்டும் கேட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கை சாவிக்குப் போனது.

சாவி திரும்பியதும், அதுவரை கசிவைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த ரிலே பிரேக்கரைப் பெரிய சத்தத்தோடு விழவைத்தது. களத்தில் இரைச்சல் நின்றது. தூரத்தில் கொட்டகையில் விளக்குகள் அணைந்தன.

சிறிது நேரத்தில் மேனேஜர் ஜெயகணேஷ் வேர்த்துக்கொண்டு வந்தார்.

“எவம்லே சாவியத் திருப்புனது?”

“நாந்தான்,” என்றார் அண்ணாச்சி.

“நான்தான்,” என்றேன் நானும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

“ரெண்டு பேரும் சேந்து திருப்புததுக்கு அதென்ன தேர் வடமா?” என்றாள் தேவகனி.

பீங்கான்களைக் கழுவி முடிக்கும்வரை அந்த லைனுக்கு மின்சாரம் கொடுக்க முடியாது என்று நான் அறிக்கை அனுப்பினேன். அன்றைய இறால் முழுவதும் வீணானது. சாவியைத் திருப்பியது யார் என்பதில் என் வார்த்தையைக் கம்பெனி ஏற்கவில்லை. அண்ணாச்சியின் வார்த்தையை ஏற்றுக்கொண்டது. அவருக்கு வேலை போயிற்று.

ஜேசுபாதம் அண்ணாச்சி இப்போது மணப்பாட்டில் ஒரு சின்ன ஐஸ் ஆலையில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார். தேவகனி அதே களத்தில் கருவாடு போடுகிறாள். ஜெயகணேஷ் கொச்சிக் கிளைக்கு மாற்றலாகிப் போனார். டெஸ்ட் சாவி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் இப்போது அறிக்கையில் வருகிறது. நான் அதே வேலையில் இருக்கிறேன்; யாருக்கும் போன் செய்யாமல் போகிறேன். கம்பி இன்றுவரை அறுந்து விழவில்லை.