நயினாதீவு எந்தப் பக்கம்

விதுரனை நாற்காலியோடு தூக்கி யசிந்தன் சுவரில் மோதினான். இத்தாலியின் பல்லரோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடி அறை.

முதல் நாள் பொலிஸ் வந்து யசிந்தனின் தம்பி சுஜனைக் கொண்டுபோயிருந்தது. சுஜனிடம் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி இல்லை. யசிந்தனிடமும் இல்லை, அவன் அப்போது வேலையில் இருந்தான். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அறைக்குப் புதிதாக வந்தவன் விதுரன்தான். நெடுந்தீவான் என்று சொல்லி இடம் கேட்டவன், போனில் சரளமாகச் சிங்களம் கதைத்தான்.

"நில்லடா, நான் கேக்கிறன்," என்றார் சோதிலிங்கம். அறை அவர் பேரில் இருந்தது. அவர் புங்குடுதீவு. "தம்பி, நெடுந்தீவிலை வேலி என்னத்தாலை?"

"வேலி இல்லை அண்ணை. முருகைக்கல்லு மதில்."

"அது யூடியூப்பிலையும் கிடக்கு," என்றான் யசிந்தன். "நெடுந்தீவுக் குதிரையும் அதிலை ஓடும்."

"சரி. எங்கடை குறிகட்டுவான் துறையிலை இருந்து உங்கடை ஊருக்குப் படகு போகேக்கை, நயினாதீவு எந்தக் கைப்பக்கம் வரும்?"

விதுரன் கண்ணை மூடிப் பார்த்தான். "இடக்கை."

சரியான விடை வலக்கை. அந்தத் துறையில் நின்று வளர்ந்தவர் சோதிலிங்கம். "பொய்," என்றார்.

யசிந்தன் இரும்புத் தோசைக்கல்லால் விதுரனின் கையில் அடித்தான். இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கின. அடுத்த அடி வாயில் விழுந்தது. பல்லொன்று தரையில் உருண்டது.

"போகேக்கை எப்பிடியெண்டு தெரியாது," விதுரன் இரத்தத்தோடு கதைத்தான். "ஊரிலை இருந்து வரேக்கை இடக்கை. ஏழு வயசிலை வெளிக்கிட்டனாங்கள். திரும்பிப் போகேல்லை. வவுனியாவிலை பேக்கரியிலை நிண்டு சிங்களம் பழகினனான்."

சோதிலிங்கம் விரலால் காற்றில் ஒரு கோடு கீறி, அதைத் திருப்பிக் கீறினார்.

"விடடா. சரியாத்தான் சொல்லுறான்."

"அப்ப பொலிஸுக்கு ஆர் சொன்னது?"

கையைப் பிடிக்க வந்த சோதிலிங்கத்தை யசிந்தன் முழங்கையால் இடித்தான். அவர் கட்டிலின்மேல் விழுந்தார். யசிந்தன் நாற்காலியைக் கவிழ்த்து விதுரனின் நெஞ்சில் ஏறி இருந்து கழுத்தைப் பிடித்தான்.

"நீதானெண்டு சொல்லு. சொல்லடா."

குசினி வாசலில் யசிந்தனின் மனைவி துசானி நின்றாள். "இஞ்சாருங்கோ, விடுங்கோ. சாகப்போறான்."

"உள்ளை போடி."

விதுரனின் குதிகால்கள் தரையில் அடித்தன. பிறகு மெதுவாக அடித்தன.

ஆட்கள் வந்தால் பொலிஸும் வரும். முதலில் பெர்மெசோ கேட்கும். துசானி சன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, இத்தாலிய மொழியில் உதவி கேட்டுக் கத்தினாள். மறுபடியும் கத்தினாள்.

யசிந்தனின் கைகள் தளர்ந்தன. விதுரன் விசிலடிப்பதுபோல் மூச்சை இழுத்தான்.

"என்னடி செய்தனி?"

"ஓடுங்கோ," என்றாள்.

படியில் காலடிகள் கேட்டன. யசிந்தன் கட்டிலுக்குக் கீழே சப்பாத்தைத் தேடினான். ஒன்றுதான் கைக்கு அகப்பட்டது.