வெளுக்காத துண்டு

ஞாயிறு பூசை முடிந்து இண்டூர் வீட்டுக்குத் திரும்பிய ஸ்டெஃபி சேலையைக்கூட மாற்றவில்லை. சமையல் மேடையில் கண்ணாடி டம்ளரை வைத்து, பழுப்பு பாட்டிலில் இருந்து பிலிம் கழுவும் ஃபிக்ஸர் திரவத்தை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றினாள். புளித்த காடி வாடை மூக்கில் ஏறியது.

கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். மஸ்கட்டில் எலக்ட்ரீசியனாக இருக்கும் கணவன் ஆரோக்கிய பிரவீன் அதில் தெரிந்தான். போன வருடம் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் முழுக்க அவன் கேமராவும் கையுமாகத்தான் திரிந்தான். அப்போது எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருள் கழுவப்படாமல் பீரோவிலேயே கிடந்தது. இன்று அதைத் தானே கழுவிவிடுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"அவசரப்படாத. ஃபிக்ஸர் பழசு, மொதல்ல டெஸ்ட் பண்ணு," என்றான். "டப்பிக்கு வெளிய நுனி நீட்டிக்கிட்டிருக்கில்ல, அதுல ஒரு துண்டு வெட்டிப் போடு. புதுசுல மூணு நிமிசத்துல கண்ணாடியாட்டம் தெளிஞ்சுது. ஆறு தாண்டுச்சுன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தம். அதுல கழுவினா படம் நாளாவட்டத்துல கெட்டுப்போவும்."

சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கைபேசியைத் தொட்டால் அவன் முகம் மறைந்துவிடும். அவள் வெட்டிய துண்டை டம்ளரில் போட்டுவிட்டு, ஜெபமாலையை எடுத்து, "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தாள். பத்து மணி உருண்டால் மூன்று நிமிடம்.

"என்னடி முணுமுணுக்கற?"

"நேரம் பாக்கறேங்க."

"மாதாவயே ஸ்டாப்வாட்ச் ஆக்கிட்டியா!" அவன் சிரித்த சிரிப்பில், மஸ்கட் அறையில் அவனுக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

பத்து முடிந்தது. இருபதும் முடிந்தது. துண்டு பால் படிந்தாற்போலவே கிடந்தது. அவள் மணிகளை மெதுவாக உருட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு ஜெபத்தையும் இழுத்து இழுத்துச் சொன்னாள். அப்படியும் அது வெளுக்கவில்லை.

"எத்தனை ஆச்சு?"

ஜெபமாலை கையில் இருக்கும்போது பொய் வரவில்லை. "முப்பது."

"அப்ப கொட்டிடு. சுருள அப்படியே வையி, நான் வந்து கழுவிக்கறேன்."

"கிறிஸ்மஸுக்குத்தானே?"

அவன் பக்கவாட்டில் பார்த்தான். "கம்பெனியில இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன், ஸ்டெஃபி. எப்படிச் சொல்றதுன்னுதான்..."

வெளியே ஒகேனக்கல் பேருந்து ஹாரன் அடித்துப் போனது. அவள் டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"என் மூஞ்சியத்தான் தெனமும் பாக்கறியே," என்றான் சமாதானமாக.

"பாக்கறேங்க. கெளம்பறதுக்கு முன்ன நீங்க என்னத்தப் பாத்தீங்கன்னுதான் எனக்குத் தெரியல." அவள் நிமிர்ந்தாள். "நீங்க ஃபிக்ஸர் வாங்கற அந்த பெங்களூர் கடை நம்பர அனுப்புங்க."

மறுநாள் காலை கடை திறந்ததும் கூப்பிட்டாள். கடைக்காரர் தமிழ்க்காரர்தான். "ஃபிக்ஸர் ஒரு பாட்டில் போதும்மா, ஆறு மாசம் தாங்கும்."

"ரெண்டு அனுப்புங்க. ஒரு புதுப் பிலிமும் போடுங்க."

"படம் எடுக்கறது சாருங்களா?"

"இல்லைங்க, நான்தான்," என்றாள். "இங்க இருக்கறது நான் மட்டுந்தானேங்க."