எங்கள் வீட்டில் நான்கு பேர்

செல்வா எங்கள் குடியிருப்பின் பேரிடர்ப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் ஒத்திகை என்றால் திருவிழாதான். ஒவ்வோர் அக்டோபரிலும், மழைக்காலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை விசில் ஊதுவார். பல்கலைக்கழக ஊழியர் குவார்ட்டர்ஸில் இருந்த முப்பது வீட்டுக்காரர்களும் அவசரப் பையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு ஓடி வர வேண்டும். வீட்டுக்கு வீடு நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று உரக்கச் சொன்னால்தான் குடிக்கச் சூடாக மைலோ கிடைக்கும். எங்கள் பிள்ளைகள் வசந்தனும் பிரேமலாவும் அடுத்த வீட்டாருக்கும் சேர்த்துக் கத்துவார்கள். பெண்டாட்டி என்று எனக்குச் சலுகை எல்லாம் கிடையாது. ஒரு வருடம் வாய்க்குள் முனகினேன் என்று எனக்கு மைலோ தர மறுத்த மனிதர் அவர். அன்று மதியம் நான் அவருக்குச் சோறு போட மறுத்தேன்.

பிறகு வசந்தன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். பிரேமலா கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனாள். நான்கு வருடத்துக்கு முன் செல்வா மாரடைப்பில் போய்விட்டார். நானும் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்ப்பதால் வீடு என்னிடமே இருந்தது. வருடா வருடம் படிவமும் வந்தது. 'வீட்டில் இருப்போர்' என்ற இடத்தில் நான்கு பெயரையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு புத்தகம் தட்டு மாறினால் ஊரைக் கூட்டுகிறவள், தெரிந்தேதான் பொய் எழுதினேன். என் பெயரை மட்டும் தனியாக எழுதக் கை வரவில்லை. ஃபைலில் தூங்கப் போகிற காகிதம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை, பின்புறத்துச் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் கரை உடைந்தது. நான் முதல் லாரியிலேயே ஏறி, மேட்டில் இருந்த பல்கலைக்கழக மண்டபத்துக்கு வந்துவிட்டேன். புதிய பொறுப்பாளர் அர்ச்சுனன், ஆய்வகத்தில் வேலை. அந்த வருடம்தான் பெக்கான் நானாஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் குடும்பத்தைத் தெரியாது. படிவங்களோடு குடியிருப்பிலேயே நின்று ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சுபத்திரா, ஆறு மாதக் கர்ப்பிணி, என் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் அவளுடைய போன் அடித்தது. பேசிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்டுல இன்னும் மூணு பேர் வரலையாம். தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்திருச்சாம். அவரு உள்ள தேடப் போறேன்னாரு, லைன் கட்டாயிருச்சு."

நான் கூப்பிட்டேன், அவள் கூப்பிட்டாள், போன் போகவில்லை. உண்மையை அவளிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செல்வாவின் மேலும் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஒத்திகை நடத்தினாரே, போன பிறகு பெயரை எப்படி அடிப்பது என்று மட்டும் சொல்லித் தரவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து மீட்புப் படகிலிருந்து இறங்கி அர்ச்சுனன் நொண்டிக்கொண்டு வந்தார். காலில் கண்ணாடி கிழித்த காயம், ஈரத் துண்டு சுற்றியிருந்தது. கக்கத்தில் செல்வாவின் படம். வெள்ளிக்கிழமை நான் போட்ட மாலை நார் நாராகத் தொங்கியது. இரண்டு அறையிலும் கட்டிலுக்கு அடியில்கூடத் துழாவினாராம். கடைசியில்தான் சுவரில் மாலையும் பொட்டுமாக இருந்த படத்தையும், கீழே எழுதியிருந்த பெயரையும் பார்த்திருக்கிறார்.

"செல்வா அண்ணன மட்டுந்தான் கூட்டிட்டு வர முடிஞ்சது, அக்கா."

அவர் குரலில் கோபமே இல்லை. செல்வா இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

சாயங்காலம் மண்டபத்தில் பெயர் கூப்பிடுவதற்கு முன் அர்ச்சுனனிடம் பேனாவை வாங்கினேன். பிள்ளைகள் பெயரை முதலில் அடித்தேன். மூன்றாவது பெயருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை.

எங்கள் வீட்டு எண் வந்தது. ஒரு பெயர்தான் கூப்பிட்டார். வாசல் பக்கத்திலிருந்து சுபத்திரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன்" என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.