ஹாபிள் கோவுக்கு டெலிவரி இலவசம்

வெர்னா ஹ்னாட்யுக் தன் ஆன்லைன் தேன் கடையில் ஹாபிள் கோவ் என்ற கடலோர ஊருக்கான டெலிவரி கட்டணத்தைப் பூஜ்யமாக்கிய மறுநாள் காலை, அவளுடைய கனோலா எண்ணெய்வித்து வயலின் கிழக்குக் கோடியில் அட்லாண்டிக் கடலின் ஒரு துண்டு வந்து நின்றது. அலை பெரிதாக இல்லை. கரைப் பாறைகள்மேல் பத்துப் பன்னிரண்டு மர வீடுகள், ஒரு படகுத்துறை, மீன்பிடிப் படகுகள், கொடியில் காயப்போட்ட துணிகள். கோடியில் இருந்த மஞ்சள் வீடு வெர்னாவின் தங்கை மார்லிஸுடையது. கனடாவின் நடுவில் கிடக்கும் சஸ்காட்செவனில் கடல் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் ப்ளம்மர் ஊரார் அத்தனை பேரும். இருந்தாலும் அன்று கூட்டுறவுக் கடையில் காபி குடிக்கக் கூடியவர்கள், கோதுமை விலையைப் பேசி முடித்த பிறகுதான் கடல் பேச்சை எடுத்தார்கள்.

அவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. அக்காவும் தங்கையும் சேர்ந்து தேனீ வளர்த்த காலத்தில், சனிக்கிழமைச் சந்தையில் நின்று பேசிச் சிரித்துத் தேனை விற்றவள் மார்லிஸ். வெர்னாவுக்கு அந்த வாய் கிடையாது. தங்கை கல்யாணமாகிப் போன பிறகு, யாரிடமும் பேசாமல் விற்க ஒரே வழி ஆன்லைன் கடை என்று தொடங்கினாள். தேன் டப்பா பதினாலு டாலர், அதை அனுப்பப் பத்தொன்பது டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாங்க வந்தவர்கள் டப்பாவைக் கூடையில் போட்டுக் கடைசிப் படிவரை வந்து, டெலிவரி கட்டணத்தைப் பார்த்ததும் ஓடிப்போனார்கள். தபால் நிலையத்து அயோனிடம் வெர்னா போய் முறையிட்டபோது, "தேன் என்ன காத்தாடி? கனம். கனத்துக்குக் காசு. நான் என்ன அதை என் வீட்டுக்கா எடுத்துட்டுப் போறேன்?" என்றாள் அயோன். ஆகவே வெர்னா ஓர் அட்டவணை போட்டாள். பின்கோட்டின் முதல் மூன்று எழுத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு கட்டணம். ரெஜைனா நகரத்துக்கு நஷ்டப்பட்டாவது விற்போம் என்று ஐந்து டாலர் போட்டாள். அடுத்த முறை ராணித் தேனீ வாங்க ரெஜைனாவுக்கு வண்டி எடுத்தபோது, குடுவையில் இருந்த காபி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தாள். இரண்டரை மணி நேரச் சாலை இருபது நிமிடமாகியிருந்தது. வண்டியின் மீட்டரும் அப்படித்தான் சொன்னது. தபால் செலவும் சரியாக ஐந்து டாலருக்கு இறங்கியது. அதற்கப்புறம் தூரத்தைப் பார்த்துக் கட்டணம் போட வேண்டியிருக்கவில்லை. கட்டணத்தைப் பார்த்துத் தூரம் நடந்துகொண்டது.

ஊர் இதைச் சீக்கிரமே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. சாஸ்கட்டூன் நகரத்துக்குப் போய் முழங்கால் வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்கள் அந்த ஊருக்கான கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பக்கத்து வயல்காரன் ஓரெஸ்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "எட்மன்டனுக்கு ஒரு நாப்பது டாலர் ஏத்திவிடேன் வெர்னா, புண்ணியமாப் போகும். மாமியார் கிறிஸ்துமஸுக்கு வர்றாங்களாம்" என்றான். ஏற்றிவிட்டாள். மாமியார் பாதி வழியிலேயே மலைத்துப்போய்த் திரும்பிவிட்டார். கேட்டது கிடைத்ததும் நன்றி சொல்வார்கள், வாசலிலிருந்தே போய்விடுவார்கள். அட்டவணைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட உள்ளே வந்து உட்காரவில்லை. அவளும் உட்காரச் சொன்னதில்லை. குளிர்காலத்தில், கூடுகளை மூடிப் போர்த்திய பிறகு, அவள் வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகளெல்லாம் டப்பாக்களில் ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்த முகவரிகள்தான். முன்பின் தெரியாதவர்களின் தெருப் பெயர்களை அவள் கொஞ்சம் நிதானமாகவே படித்தாள்.

அட்டவணையில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்கு மட்டும் வரி இல்லை. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு அங்கிருந்து வந்த சிரில் என்பவன், ஒருநாள் இவர்களுடைய தேன் பிழியும் இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தான். ஐம்பத்துநாலு வயதில் மார்லிஸ் அவனைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் ஊரான ஹாபிள் கோவுக்குப் புறப்பட்டாள். வண்டி ஏறும்போது வெர்னா சொன்னாள்: "போ. அவனுக்குச் சலிச்சதும் திரும்பி வருவே. அப்போ இந்தக் கதவு உனக்குத் திறக்காது." மார்லிஸ் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் ஆறு வருஷம் பேச்சில்லை. அட்டவணை போட்டபோது வெர்னா அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டாள். காலியாக விட்டால், "இந்த முகவரிக்கு டெலிவரி இல்லை" என்று கடையே சொல்லிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தீவிலிருந்து ஒரு போன்கூட அவள் வீட்டில் அடிக்கவில்லை. அவள் வீட்டுத் தொலைக்காட்சியில் வானிலைப் படம் நோவா ஸ்கோஷியாவோடு முடிந்து, அப்புறம் வெறும் நீலமாக இருந்தது. வெர்னா அதைக் கவனிக்காத மாதிரி பாத்திரம் துலக்கினாள். வீம்பு அவளுக்குச் சாப்பாடு மாதிரி, ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை.

மே மாதத்தில் அயோன், தராசில் டப்பாவை வைத்துக்கொண்டே, "மார்லிஸோட புருஷன் போயிட்டானாம். மாரடைப்பு. பிப்ரவரியிலேயே. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"ரசீதைக் குடு" என்றாள் வெர்னா.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அட்டவணையைத் திறந்தாள். துக்கம் கேட்க என்ன சொல்ல வேண்டும், முதல் வார்த்தையை எங்கே தொடங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது அட்டவணை ஒன்றுதான். ஹாபிள் கோவின் பின்கோட்டுக்கு ஒரு வரி சேர்த்து அறுபது டாலர் போட்டாள். மறுநாள் கிணற்றடியில் உப்பு வாசனை வந்தது. முப்பது போட்டாள், தேன்கூடுகளுக்கு மேல் கடற்பறவைகள் கத்தின. மூன்றாம் நாள் பூஜ்யம் போட்டாள்.

கடல் வந்த அன்று வெர்னா இரண்டு தடவை தேநீர்க் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். தங்கை வயலைக் கடந்து வருவாள் என்று ஜன்னலருகே நின்றாள். வரவில்லை. ஹாபிள் கோவின் மற்றவர்கள் வந்தார்கள். படியேறும்போதே "என்ன கண்ணு, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டு தேன் வாங்கிப் போனார்கள், ஓரெஸ்டிடம் மாட்டிறைச்சி வாங்கினார்கள், தானியக் கிடங்கின் நிழலில் காட் மீன் விற்றார்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாதே என்பது ஒன்றுதான் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்த கவலை. அந்தக் கோடையில் தேனில் லேசாக உப்புக் கரித்தது. அது நன்றாகவே விற்றது. மார்லிஸ் காலையில் துணி காயப்போட்டாள், மாலையில் எடுத்தாள், ஒரு தடவைகூட மேற்கே திரும்பிப் பார்க்கவில்லை. எட்ட இருந்தால் கிட்ட உறவு, கிட்ட இருந்தால் முட்டப் பகை என்பார்கள். இங்கே பகைகூட வரவில்லை, முதுகுதான் தெரிந்தது. கண்டம் முழுக்க நடுவில் கிடந்தவரை, தூரம் அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது வெர்னாவுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் தன் வாழ்நாளில் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

கடைசியில் அவளிடம் விஷயத்தைச் சொன்னவர் ஆம்ப்ரோஸ் என்ற மீன்காரர். மார்லிஸ் ஏதாவது சொன்னாளா என்று வெர்னா, தேன் டப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சொல்றேன் கண்ணு, கோவிச்சுக்காதே. எங்க கல்லறைத் தோட்டம் துறைமுகத்துக்கு அக்கரையில இருக்கு. அது வேற பின்கோடு. நீ எங்களை இழுத்தப்போ அது அங்கேயே நின்னுடுச்சு. மார்லிஸ் தினம் காலையில படகை எடுத்துட்டுப் போய்ச் சிரில்கிட்ட உக்காந்துட்டு வருவா. இப்போ அக்கரையில போய் இறங்கினா உங்க ஓரெஸ்டோட மாட்டுக் கொட்டாய்தான் இருக்கு. முதல் நாள் அங்கே நின்னு அழுதா பாரு, மாடே மிரண்டுபோச்சு."

வெர்னா டப்பாவைக் கீழே வைத்தாள்.

"'என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? என்னைக்காவது கேட்டிருக்காளா?' அவ்வளவுதான் சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆம்ப்ரோஸ் போனார்.

ஓரெஸ்டுக்கு இதில் சிக்கலே தெரியவில்லை. "கல்லறைக்கும் ஒரு பூஜ்யத்தைப் போட்டு இழுத்துவிடேன். செத்தவங்க என்ன தேனா ஆர்டர் பண்ணப் போறாங்க?" என்றான். வெர்னா அந்தப் பின்கோட்டை எழுதக்கூடச் செய்தாள். எழுதிய பிறகுதான், அந்தக் கல்லறையில் வேறு ஊர்க்காரர்களின் சொந்தங்களும் இருப்பார்களே என்று தோன்றியது. அந்த ஊர்க்காரர்கள் நாளைக்கு எந்தக் கொட்டகையில் போய் நிற்பார்கள்? இலவச டெலிவரி என்று ஒன்று உலகத்தில் கிடையாது, யாரோ ஒருவர் தலையில்தான் அது விடியும் என்பது சின்னக் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். யார் தலையில் என்று அவள் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. தான் பத்து நிமிடம் வயலில் நடக்க மனமில்லாமல் ஓர் ஊரையே வேரோடு பிடுங்கி வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது. அயோனுக்கு போன் செய்து, ஒரு டப்பாவை ஹாபிள் கோவுக்கு அனுப்ப, அட்டவணை இல்லாவிட்டால், உண்மையில் எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். முப்பத்தொரு டாலர் நாற்பது காசு. அதையே போட்டாள். போடுவதற்கு முன் மஞ்சள் வீட்டை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். கொடியில் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அது யாருடையது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. மறுநாள் காலை கிழக்கே வயல் மட்டும் இருந்தது. மிச்சமிருந்த கடற்பாசியை ஓரெஸ்ட் அள்ளிக்கொண்டு போய் உருளைக்கிழங்குக்கு உரமாகப் போட்டான்.

அறுவடை முடிந்தது. கூடுகளைப் போர்த்தும் நாள் நெருங்கியது. அக்டோபரில் ஒரு மத்தியானம் ஹாபிள் கோவ் ஊரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. தேன் ஒரு டப்பா. முழு டெலிவரி கட்டணமும் கட்டியிருந்தது. பெயர் மார்லிஸ். டெலிவரி செய்பவருக்கான குறிப்பு என்ற கட்டத்தில், 'வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், கதவைத் தட்டவும்' என்று எழுதியிருந்தது.

வெர்னா டப்பாவைப் பொதிந்து தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். அயோன் நிறுத்துப் பார்த்து முகவரிச் சீட்டை ஒட்டக் கையை நீட்டியதும், வெர்னா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதை நானே கொண்டுபோறேன்."

"பைத்தியமாடி உனக்கு? வண்டியில அஞ்சாறு நாள் ஆகும். அப்புறம் கப்பல் வேற." அயோன் குரலைத் தாழ்த்தினாள். "அட்டவணையில கொஞ்சம் குறைச்சுக்கோயேன். போய் இறங்கினதும் ஏத்திடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"வேண்டாம். அவ முழுசாக் கட்டியிருக்கா."

மீதிக் கூடுகளைப் போர்த்தும் வேலையை ஓரெஸ்ட் ஏற்றுக்கொண்டான். சாலை ஓர் அடிகூடக் குறையவில்லை. மானிடோபா போயிற்று, ஒன்டாரியோ முடியவே முடியாதுபோல நீண்டு, பிறகு முடிந்தது. கப்பலில் அவளுக்குக் குமட்டியது. டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஹாபிள் கோவ் போய்ச் சேர்ந்து மஞ்சள் வீட்டின் கதவைத் தட்டினாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்த மார்லிஸ் முதலில் டப்பாவைப் பார்த்தாள், அப்புறம் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"நான் ஒரு டப்பாதானே கேட்டேன்" என்றாள்.

"கூட வந்ததுக்குச் சார்ஜ் இல்லை" என்றாள் வெர்னா. "வரலாமான்னு கேக்காம வந்துட்டேன்."

"கதவைத் தட்டினியே" என்று சொல்லிவிட்டு மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள். இருவரும் படகில் ஏறினார்கள். துடுப்பைத் தங்கை போட்டாள். அக்கரையில் கல்லறை இருந்தது.